பெட்ரோல் மூடிக்குள் இருக்கும் எண்

இன்ஜினுக்குள் அமுக்கப்பட்டுச் சூடேறி நிற்கும் பெட்ரோல், சுடர் வந்து தொடும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்வதுதான் ஆக்டேன் எண். எண் கூடினால் தாக்குப்பிடிக்கும் திறன் கூடும். அதற்கு மேல் அந்த எண்ணுக்கு வேறு பொருள் கிடையாது. 91 ஆக்டேன் பெட்ரோல் ஒரு லிட்டரிலும் 100 ஆக்டேன் பெட்ரோல் ஒரு லிட்டரிலும் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றுதான். சுமார் 32 மெகாஜூல். ஆனாலும் பெட்ரோல் பங்கில் "நார்மலா, பவரா?" என்று கேட்டதும், காரின் மேல் அக்கறை உள்ளவர்கள் பலர் விலை கூடியதைப் போடச் சொல்கிறார்கள். நல்ல வண்டிக்கு நல்ல பெட்ரோல் என்ற எண்ணம் அது. அப்படிக் கொடுக்கும் கூடுதல் பணத்துக்குப் பலன் உண்டா இல்லையா என்பது காரின் இன்ஜின் எப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

சிலிண்டருக்குள் நுழையும் காற்றையும் பெட்ரோல் ஆவியையும் பிஸ்டன் மேலேறி அமுக்குகிறது. அமுக்க அமுக்கக் கலவை சூடேறும். பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே ஸ்பார்க் பிளக் பொறியை விடுகிறது. பொறி விழுந்த இடத்தில் தோன்றும் சிறு சுடர் நாலாபக்கமும் விரிந்து சிலிண்டரின் ஓரங்களை நோக்கிப் பரவுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் இன்ஜினில் இந்த எரிதல் ஏறத்தாழ மூன்று மில்லிவினாடியில் முடிந்துவிடும். பலரும் இதை வெடிப்பு என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது ஒழுங்கான எரிதல். அழுத்தம் சீராக உயர்ந்து, பிஸ்டன் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கிய நேரத்தில் உச்சத்தை எட்டி, அதைக் கீழே தள்ளுகிறது. அந்தத் தள்ளல்தான் சக்கரத்தைச் சுழற்றுகிறது.

சிக்கல் வருவது ஓரத்தில், சுடர் இன்னும் எட்டாத மிச்சக் கலவையில். ஒரு பக்கம் பிஸ்டன் அமுக்குகிறது. இன்னொரு பக்கம், எரிந்து விரியும் வாயுவும் சேர்ந்து நெருக்குகிறது. சூடும் அழுத்தமும் அளவு மீறினால் அந்த மிச்சக் கலவை சுடருக்காகக் காத்திருக்காது. மொத்தமும் ஒரே நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும். அப்போது எழும் அழுத்த அலை சிலிண்டர் சுவர்களில் மோதி மோதித் திரும்பும். அதன் அதிர்வு வினாடிக்கு ஆறாயிரம், ஏழாயிரம் என்ற அளவில் இருப்பதால் காதுக்கு நன்றாகவே கேட்கும். தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம். மெக்கானிக்குகள் இதை "நாக்கிங்" என்பார்கள். "இன்ஜின் தட்டுது" என்றும் சொல்வதுண்டு.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் காரில் இதைக் கேட்க வாய்ப்பு அதிகம். ஐந்து பேர் உட்கார்ந்து, ஏசி ஓடி, கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை மட்டும் அழுத்தினால், இன்ஜின் மெதுவாகச் சுழன்றபடி பெரும் சுமையை இழுக்க வேண்டியிருக்கிறது. சுழற்சி மெதுவாக இருப்பதால் மிச்சக் கலவை சூட்டில் காத்திருக்கும் நேரம் நீள்கிறது. சுமை அதிகம் என்பதால் அழுத்தமும் அதிகம். நாக்கிங் வருவதற்கு இதைவிடத் தோதான சூழல் வேறில்லை. கியரை ஒன்று குறைத்தாலே சத்தம் பல நேரம் நின்றுவிடும். எப்போதாவது ஓரிரு நொடி தட்டுவதால் இன்ஜினுக்குக் கேடு வந்துவிடாது. ஆனால் கடுமையான நாக்கிங் தொடர்ந்தால், உலோகத்தைப் பாதுகாத்து நிற்கும் மெல்லிய வாயுப் படலம் கலைந்துபோய்ச் சூடு நேராகப் பிஸ்டனில் இறங்கும். பிஸ்டனின் விளிம்பு அரித்துப்போகும், ரிங் பொருந்தும் மெல்லிய பகுதி உடையும், ஹெட் கேஸ்கட் போகும். அந்த வேலைக்கு இன்ஜினைப் பிரிக்காமல் முடியாது.

அப்படியானால் அமுக்கத்தையே குறைத்துவிடலாமே என்று தோன்றலாம். தொடக்ககால இன்ஜின்கள் அப்படித்தான் இருந்தன. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரின் அமுக்க விகிதம் சுமார் 4.5, அதாவது பிஸ்டன் அடியில் இருக்கும்போது உள்ள இடம், உச்சிக்கு வரும்போது நாலரையில் ஒரு பங்காகச் சுருங்கும். இன்றைய கார்களில் இந்த விகிதம் 10-க்கு மேல். சிலவற்றில் 13, 14 வரை போகிறது. அமுக்க விகிதம் கூடக்கூட, அதே பெட்ரோலில் இருந்து அதிக வேலை கிடைக்கும்; வீணாகும் சூடு குறையும். மைலேஜும் பிக்கப்பும் ஒருசேர உயர வேண்டுமானால் நன்றாக அமுக்க வேண்டும். நன்றாக அமுக்க வேண்டுமானால் அதைத் தாங்கும் பெட்ரோல் வேண்டும். ஆக்டேன் எண்ணின் வரலாறு முழுவதும் இந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான்.

அந்த வரலாற்றில் ஒரு பெரும் தவறும் இருக்கிறது. முதல் உலகப் போர் காலத்திலேயே நாக்கிங்கின் காரணம் எரிபொருளில் இருப்பதை இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ ஆராய்ந்தார். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் சார்லஸ் கெட்டரிங்கின் கீழ் வேலை செய்த தாமஸ் மிட்ஜ்லி, பல பொருட்களைப் பெட்ரோலில் கலந்து பார்த்துவிட்டு, 1921 டிசம்பர் 9 அன்று டெட்ராஎத்தில் ஈயத்தைக் கண்டடைந்தார். ஒரு காலனுக்குச் சில கிராம் சேர்த்தாலே நாக்கிங் அடங்கியது. 1923-இல் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே நியூஜெர்சியின் பேவே ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் புத்தி பேதலித்து, ஐந்து பேர் இறந்தார்கள். மிட்ஜ்லிக்கே ஈய நஞ்சு ஏறியிருந்தது. ஆல்கஹாலும் நாக்கிங்கைத் தடுக்கும் என்பது அதே ஆய்வகத்துக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதைக் கணிசமான அளவில் கலக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்பதால் அதில் காப்புரிமை லாபமும் இல்லை. ஈயமே வென்றது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஒரு நஞ்சு உலகின் ஒவ்வொரு தெருவிலும் பல தலைமுறைகளுக்குப் புகையாக வெளியேறியது. இந்தியா 2000-இலும் இலங்கை 2002-இலும் அதை நிறுத்தின. கடைசி நாடான அல்ஜீரியா கைவிட்டபோது ஆண்டு 2021. ஈயம் போன இடத்தை, சுத்திகரிப்பு ஆலைகளில் மூலக்கூறுகளையே மாற்றியமைக்கும் முறைகளும் ஈதர், எத்தனால் போன்ற சேர்மானங்களும் நிரப்பின.

இன்று பங்குகளில் காணும் எண் முறையை 1926-இல் வகுத்தவர் கிரஹாம் எட்கர் என்ற வேதியியலாளர். இரண்டு தூய சேர்மங்களை அவர் அளவுகோலாக எடுத்துக்கொண்டார். நாக்கிங்கை நன்றாகத் தாங்கும் ஐசோ ஆக்டேனுக்கு 100 என்றும், சட்டென்று தட்டத் தொடங்கும் ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்தார். ஒரு பெட்ரோல் 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவையைப்போல நடந்துகொண்டால் அதன் எண் 95. அந்தப் பெட்ரோலில் 95 சதவீதம் ஆக்டேன் இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. 100-ஐத் தாண்டிய எரிபொருட்களும் உண்டு. எத்தனாலின் எண் 108-ஐ ஒட்டி வரும்.

சோதனைக்கென்று அமுக்க விகிதத்தை ஓடும்போதே கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் ஒன்று இருக்கிறது. அதில் நிமிடத்துக்கு 600 சுற்றில், மிதமான சூட்டில் அளந்தால் கிடைப்பது ரிசர்ச் ஆக்டேன் எண், சுருக்கமாக ரான். 900 சுற்றில், கலவையை 149 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி அளந்தால் கிடைப்பது மோட்டார் ஆக்டேன் எண், அதாவது மான். இரண்டாவது சோதனை கடுமையானது என்பதால் மான் எப்போதும் குறைவாகவே வரும். இந்தியத் தர விதி சாதாரண பெட்ரோலுக்கு வைத்த குறைந்தபட்ச ரான் 91, மான் 81. பிரீமியம் ரகத்துக்கு 95, 85. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பா எங்கும் பங்கில் எழுதப்படுவது ரான்தான்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வழக்கம் வேறு. அங்கே ரானையும் மானையும் கூட்டி இரண்டால் வகுத்து வரும் சராசரியைப் பம்பில் எழுதுகிறார்கள். அதனால் அமெரிக்கப் பம்பில் உள்ள 87, நம் கணக்கில் 91 அல்லது 92. அங்கே பிரீமியம் என்று விற்கும் 91, இங்குள்ள 95-ஐ ஒட்டியது. அமெரிக்கச் சந்தைக்கென்று அச்சிட்ட கையேட்டையோ காணொளியையோ பார்த்து "என் காருக்கு 91 போதும்" என்று ஒருவர் முடிவுக்கு வந்தால், அவர் நான்கைந்து எண் குறைவாகப் போட்டுக்கொண்டிருப்பார். அமெரிக்காவிலிருந்து தனியாக இறக்குமதி செய்த கார் வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

காருக்கு எது சரி என்பதற்கு விடை பெட்ரோல் டேங்க் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. மூடியைத் திறந்தால், அடைப்புக்குப் பக்கத்திலோ கதவின் உள்பக்கத்திலோ, ஈயமற்ற பெட்ரோல், ரான் 91 என்ற மாதிரி ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வெயிலிலும் பெட்ரோல் கறையிலும் அது மங்கிப்போயிருந்தால் கையேட்டில் எரிபொருள் என்ற பகுதியைப் பார்க்கலாம். அங்கே இரண்டு விதமான வாசகங்கள் வரும். ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் குறையக் கூடாது என்பது ஒன்று. ஒரு எண்ணைப் பரிந்துரைத்து, அதைவிடக் குறைந்த இன்னொரு எண்ணையும் அனுமதிப்பது மற்றொன்று. முதல் வகை கட்டளை. அதை மீறக் கூடாது. இரண்டாவது வகையில் காரை வைத்திருப்பவருக்குத் தேர்வு உண்டு. குறைந்த எண்ணிலும் இன்ஜின் பத்திரமாக ஓடும்; ஆனால் விளம்பரத்தில் சொன்ன முழு பலமும் பரிந்துரைத்த எண்ணில்தான் கிடைக்கும்.

குறைந்த எண்ணிலும் பத்திரமாக ஓட முடிவதற்குக் காரணம், இன்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும் ஒரு சிறு உணரி. நாக் சென்சார் எனப்படும் இதற்குள் இருக்கும் படிகம், அதிர்வு பட்டதும் அதை மின்னழுத்தமாக மாற்றும். நாக்கிங்குக்கே உரிய அதிர்வு வந்தவுடன் இன்ஜினின் கம்ப்யூட்டர் பொறி விடும் நேரத்தைச் சில டிகிரி தள்ளிப்போடுகிறது. உச்ச அழுத்தம் குறைகிறது, தட்டல் அடங்குகிறது. காரை ஓட்டுபவருக்கு இது தெரியவே தெரியாது. சாப் நிறுவனம் 1982-இல் தன் டர்போ கார்களில் நாக்கிங்கைக் கேட்டு டர்போவின் அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பைக் கொண்டுவந்தபோது, கிடைக்கும் பெட்ரோலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் கார் என்பது புதுமையாக இருந்தது. இன்று நடுத்தர விலைக் கார்களிலும் அந்த உணரி உண்டு.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. பொறியைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு டிகிரிக்கும் கொஞ்சம் பலமும் கொஞ்சம் மைலேஜும் குறையும். டர்போ பொருத்திய சிறு இன்ஜின்களில் இது அதிகம் தெரியும். டர்போ என்பது காற்றை ஏற்கெனவே அழுத்தி உள்ளே தள்ளும் கருவி. அதனால் அமுக்க விகிதம் 10 என்று இருந்தாலும் சிலிண்டருக்குள் உண்மையான அழுத்தம் அதைவிட மிக அதிகம். மே மாத வெயிலில், நெடுஞ்சாலையில் லாரியை முந்த ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது, 95 பரிந்துரைத்த டர்போ காரில் 91 இருந்தால் இழுவை சற்றுக் குறைந்ததை ஓட்டுநரே உணரக்கூடும். அதே கார் நகர நெரிசலில் மெதுவாக ஊர்ந்தால் இரண்டுக்கும் வித்தியாசமே இருக்காது.

91 போதும் என்று எழுதிய காரில் 95 அல்லது 100 போட்டால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அந்த இன்ஜினுக்குக் கம்ப்யூட்டரில் எழுதிவைத்திருக்கும் பொறி நேரம் 91-ஐ வைத்துக் கணக்கிட்டது. நாக்கிங் வராதபோது அதை அந்த எல்லைக்கு மேல் முன்னே நகர்த்த வழியில்லை. கூடுதல் தாக்குப்பிடிப்பு தேவைப்படும் நிலை வராமலே பெட்ரோல் எரிந்துபோகிறது. 1940-இல் பிரிட்டன் மீது நடந்த வான்போரில் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்கள் 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு மாறியதைப் பலரும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அப்போது பலம் கூடியது உண்மைதான். ஆனால் பெட்ரோலை மாற்றியதோடு, அவற்றின் மெர்லின் இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் அழுத்தத்தின் வரம்பையும் சதுர அங்குலத்துக்கு ஆறேகால் பவுண்டிலிருந்து பன்னிரண்டுக்கு உயர்த்தினார்கள். வரம்பை உயர்த்தாமல் பெட்ரோலை மட்டும் மாற்றியிருந்தால் அந்த விமானங்களுக்கு எந்த ஆதாயமும் கிடைத்திருக்காது.

அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ஏஏஏ 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண பெட்ரோலே போதும் என்றிருக்கும் கார்களில் பிரீமியம் போட்டவர்கள் ஓராண்டில் 1.65 கோடிப் பேர் என்றும், அப்படி வீணான பணம் 210 கோடி டாலர் என்றும் கணக்கிட்டது. இங்கே ஒரு குடும்பத்தின் அளவில் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், பிரீமியம் 108 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 15 கிலோமீட்டர் மைலேஜ் தரும் கார் 16.2 கொடுத்தால்தான் போட்ட பணம் திரும்பும். 91-க்கென்று வடிவமைத்த காரில் அப்படி நடக்காது. மாதம் 80 லிட்டர் போடும் வீட்டில் ஆண்டுக்கு 7,680 ரூபாய் போகும். அந்தப் பணத்தில் ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் காலாகாலத்தில் மாற்றிவிட முடியும். காருக்கு அதனால் கிடைக்கும் நன்மை நிச்சயமானது.

அமுக்க விகிதத்தை மட்டும் பார்த்து ஆக்டேனை முடிவு செய்வதும் தவறாகப் போகலாம். டொயோட்டா பிரியஸ் காரின் 1.8 லிட்டர் இன்ஜினுக்கு விகிதம் 13. ஆனாலும் அது சாதாரண பெட்ரோலில் ஓடும். பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் அதன் உள்வால்வு சற்று நேரம் திறந்தே இருப்பதால், கலவையின் ஒரு பகுதி வெளியே போய்விடுகிறது. உண்மையான அமுக்கம் ஏட்டில் உள்ளதைவிடக் குறைவு. ஹைபிரிட் கார்கள் பெரும்பாலும் இப்படித்தான். மஸ்தா நிறுவனம் தன் ஸ்கைஆக்டிவ் இன்ஜினை ஐரோப்பாவில் 14 என்ற விகிதத்திலும், சாதாரண பெட்ரோல் புழங்கும் அமெரிக்காவில் 13 என்ற விகிதத்திலும் விற்றது. இன்ஜினைச் சந்தையின் பெட்ரோலுக்கு ஏற்பச் செய்வது நிறுவனத்தின் வேலை. அதனால்தான் அந்தந்தச் சந்தைக்கென்று ஒட்டிய ஸ்டிக்கருக்கு அவ்வளவு மதிப்பு.

இலங்கையில் இது தினசரிக் கேள்வி. அங்கே பங்குகளில் பொதுவாகக் கிடைப்பவை 92, 95 என்ற இரண்டு ரகம். சாலையில் ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வந்தவை. ஜப்பானின் சாதாரண பெட்ரோல் 90-ஐ ஒட்டியது. அந்த ஊர் ஓட்டத்துக்கென்று செய்த சிறு கார்களுக்கும் ஹைபிரிட்டுகளுக்கும் 92 தாராளம். ஐரோப்பிய டர்போ கார்களுக்கு 95 வேண்டும். மலேசியாவில் அடிப்படை ரகமே 95 என்பதால் அங்குள்ள கேள்வி 97 தேவையா என்பதுதான். கையேடு கேட்காதவரை தேவையில்லை.

இந்தியாவில் கடந்த சில ஆண்டுகளில் கணக்கே மாறிவிட்டது. ஒரு காலத்தில் இங்கே சாதாரண பெட்ரோலின் ரான் 88-ஆக இருந்தது; பிறகு 91 ஆனது. இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் நாடு முழுவதும் வந்துவிட்ட நிலையில், சாதாரண பெட்ரோலே 95-ஐத் தொடுகிறது என்று மத்திய அரசு 2025-இல் தெரிவித்தது. ஆவியாகும்போது எத்தனால் அதிகச் சூட்டை உறிஞ்சுவதால் கலவை குளிர்ந்து, நாக்கிங் மேலும் தள்ளிப்போகும். நூறாண்டுக்கு முன் ஈயத்துக்காக ஒதுக்கிவைத்த ஆல்கஹால், கரும்பின் கழிவுப்பாகிலிருந்தும் தானியத்திலிருந்தும் வடித்தெடுக்கப்பட்டு அதே வேலைக்குத் திரும்பியிருக்கிறது. இதன் நடைமுறை விளைவு என்னவென்றால், 95 பரிந்துரைத்த கார் வைத்திருப்பவருக்கும் நாக்கிங்குக்காக விலை கூடிய 95 ரகத்தைத் தேட வேண்டிய அவசியம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது.

ஆனால் ஆக்டேன் கூடியதால் மைலேஜ் கூடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென்று வடிவமைத்து 10 சதவீதத்துக்கு ஒத்திசைத்த கார்களில் இ20 போட்டால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டது. இ20-க்கு ஒத்திசைத்த கார்களில் அது 1 முதல் 2 சதவீதம்தான். 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார் வைத்திருப்பவர்கள், பெட்ரோல் குழாயின் ரப்பரும் சீல்களும் எத்தனாலைத் தாங்குமா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டு, சர்வீஸின்போது அவற்றைப் பார்க்கச் சொல்வது நல்லது. அது ஆக்டேன் சம்பந்தப்பட்ட பிரச்சினை அல்ல. எண் கூடிய பெட்ரோல் அதற்கு மருந்தும் அல்ல.

100 ஆக்டேன் பெட்ரோலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 டிசம்பரில் எக்ஸ்பி100 என்ற பெயரில் கொண்டுவந்தது. மதுரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரான அது அறிமுகத்தின்போது டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். அன்றைய சாதாரண பெட்ரோலின் ஏறத்தாழ இரு மடங்கு. 98 கேட்கும் விலையுயர்ந்த ஐரோப்பியக் கார்களுக்கும், கம்ப்யூட்டர் நிரலை மாற்றி டர்போ அழுத்தத்தைக் கூட்டியவர்களுக்கும் இதனால் உண்மையான பயன் உண்டு. மற்றவர்களின் கார் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

பங்கில் பெயரைப் பார்த்து வாங்குவதைவிட எண்ணைப் பார்த்து வாங்குவதே சரி. விலை கூடிய எல்லா ரகமும் ஆக்டேன் கூடிய ரகம் அல்ல. இன்ஜெக்டரிலும் வால்விலும் படியும் பிசுக்கைக் கரைக்கும் சேர்மானத்தை மட்டும் கலந்து தனிப் பெயரில் விற்பதும் உண்டு. அந்தச் சேர்மானத்துக்கு ஓரளவு பயன் இருக்கிறது. ஆனால் அதற்கும் நாக்கிங்கைத் தாங்கும் திறனுக்கும் தொடர்பு இல்லை. கடைகளில் சிறு பாட்டிலில் விற்கும் ஆக்டேன் பூஸ்டர்களை நம்பாமல் இருப்பது மேல். சிலவற்றில் இருக்கும் ஃபெரோசின் என்ற இரும்புச் சேர்மம், பிளக்கில் செம்மண் நிறத்தில் படிந்து, மின்சாரத்தைக் கடத்தி, பொறியையே கெடுத்துவிடும்.

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, பழைய மாருதி 800 போன்ற கார்புரேட்டர் வண்டிகளில் நாக் சென்சார் கிடையாது. பொறி நேரத்தை மெக்கானிக் கையால்தான் வைக்க வேண்டும். அவற்றின் அமுக்க விகிதம் குறைவு என்பதால் சாதாரண பெட்ரோலே ஏராளம். அப்படி இருந்தும் தட்டினால் பெட்ரோலைக் குறை சொல்வதற்கு முன், டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கைச் சரிபார்க்க வேண்டும். பல ஆண்டுகள் ஓடிய இன்ஜினில் பிஸ்டனின் தலையில் கரி அடைத்துக்கொண்டு, இடத்தைச் சுருக்கி அமுக்கத்தைக் கூட்டியிருக்கும். அந்தக் கரி தணல்போலக் கனன்று கலவையைப் பற்றவைப்பதும் உண்டு. புதிய கார் தட்டினாலும் பெட்ரோலுக்கு முன் இவற்றைப் பார்க்க வேண்டும்: ரேடியேட்டரில் கூலன்ட் இருக்கிறதா, பிளக் அந்த இன்ஜினுக்குரிய ரகம்தானா, நாக் சென்சாரின் வயர் சரியாக இருக்கிறதா. இவற்றில் ஒன்று கெட்டிருக்கும்போது 100 ஆக்டேன் போட்டால் சத்தம் மறையலாம். நோய் உள்ளேயே இருக்கும்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்களுக்கு ஒரு நற்செய்தி. 2,000 மீட்டருக்கு மேலே காற்று லேசானது. சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவதால் அழுத்தமும் குறைந்து, நாக்கிங் வருவது அரிதாகும். அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதிகளில் இதை நம்பியே 85 என்ற குறைந்த ரகத்தை விற்கிறார்கள். ஆனால் டர்போ கார்கள் காற்றின் குறையைத் தாங்களே ஈடுகட்டிக்கொள்வதால் அவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது.

தவறிப்போய் 95 மட்டுமே கேட்கும் காரில் 91 போட்டுவிட்டால் பதற வேண்டியதில்லை. டேங்கில் பாதி 95 இருந்து மீதியை 91-ஆல் நிரப்பினால் கலவை ஏறத்தாழ 93 ஆகிவிடும். அது தீரும்வரை ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்காமல், ஏற்றத்தில் கியரைக் குறைத்து ஓட்டிவிட்டு, கொஞ்சம் குறைந்ததும் சரியான ரகத்தை மேலே நிரப்பலாம். டீசலைப் போட்டுவிட்டால் கதை வேறு: சாவியைத் திருப்பாமல், வண்டியைத் தள்ளி ஓரங்கட்டி, டேங்கை வடித்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கலப்படம் இதைவிடக் கெடுதலானது, ஏனென்றால் போட்டது கலப்படம் என்று தெரிவதே இல்லை. மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் எண் மிகக் குறைவு. சிறிதளவு கலந்தாலே 91 என்று எழுதிய பெட்ரோல் 91-ஆக இருக்காது. எப்போதும் தட்டாத கார், புதிதாக ஒரு பங்கில் நிரப்பிய மறுநாளே தட்டத் தொடங்கினால் சந்தேகம் அங்கிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் ஃபில்டர் தாள் வைத்திருக்க வேண்டும். கேட்டால் கொடுக்க வேண்டும். நாசிலின் நுனியைத் துடைத்துவிட்டு அந்தத் தாளில் ஒரு சொட்டு விட்டால், சுத்தமான பெட்ரோல் ஓரிரு நிமிடத்தில் ஆவியாகிவிடும், கறை இருக்காது. எண்ணெய்ப் பிசுக்கோடு வட்டமாகக் கறை நின்றால் கலப்படம் என்று கொள்ளலாம். அன்றைய பெட்ரோலின் அடர்த்தியைப் பங்கில் எழுதிவைத்திருப்பார்கள். ஹைட்ரோமீட்டரை வைத்து அதை அளந்து காட்டச் சொல்லவும் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. மழைக்காலத்தில் நிலத்தடித் தொட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால், எத்தனால் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேன் விழுந்துவிடும். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டால், தேதியும் நேரமும் பம்பின் எண்ணும் அதில் இருக்கும்; புகார் புத்தகத்தில் எழுதும்போது அவைதான் கைகொடுக்கும்.